பெயருக்குள் ஒளிந்திருக்கும் பாட்டிகள்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒப்பிலக்கியத் தாள் நடத்திக்கொண்டிருந்தேன். பிறமொழிப் பெண்கவிஞர்கள் என்னும் பகுதி. கரும்பலகையில் ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்று எழுதிவிட்டு வழக்கமான செய்திகளைச் சொன்னேன். இங்கிலாந்தில் பிறந்தவர். 1630இல் அர்பெல்லா என்னும் கப்பலில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தவர். 1650இல் லண்டனில் அச்சான ‘பத்தாவது கலைத்தேவி’ என்ற நூலால் புதிய இங்கிலாந்தின் முதற் கவிஞராக அறியப்பட்டவர். எட்டுப் பிள்ளைகளின் தாய்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அந்த எட்டுப் பேரும் என்ன ஆனார்கள், அம்மா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக இதே நான்கு செய்திகளைச் சொல்லி வருகிறேன். ‘எட்டுப் பிள்ளைகள்’ என்பது எனக்கு வெறும் எண்ணாகவே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் என்பது மூன்று மாதங்களாக நீண்டுவிட்டது.

அந்தக் கேள்வி என்னைத் தைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு அப்பா மறைந்தபின் அவருடைய மேசையில் ஒரு நீள நோட்டுப்புத்தகம் கிடைத்தது. எங்கள் குடும்ப வம்சாவளியை ஆறு தலைமுறைக்கு அவர் கைப்பட எழுதியிருந்தார். கிளை பிரியுமிடங்களில் கோடுகளும் பெயர்களும் இருந்தன, எல்லாம் ஆண்களின் பெயர்கள். பெண் மக்கள் வரும் இடத்தில் ‘ஆண் 3, பெண் 2’ என்பதுபோல் எண்ணிக்கை மட்டுமே. அப்பா என்னைப் படிக்க வைத்தவர், நான் கல்லூரி வேலைக்குச் சேர்ந்தபோது ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர். அவர் ஒருபோதும் வேண்டுமென்று விட்டிருக்கமாட்டார். அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் எழுதினார், அவ்வளவுதான்.

பாரியின் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பாடியவர் பெயர் பாரி மகளிர். தந்தை பெயர் இருக்கிறது, மகளிரின் பெயர் அங்கே இல்லை. அதை இதுவரை ஒரு குறையாக நான் வகுப்பில் சொன்னதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

*

புதிய இங்கிலாந்துக்காரர்கள் கொடிவழி ஆராய்ச்சியில் பெரும் ஆர்வலர்கள். அதற்கென்றே 1845இல் பாஸ்டனில் ஒரு கழகம் தோன்றியது. மாசசூசெட்ஸ் ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 1850 வரைக்கும் ஊர்வாரியாகத் தொகுத்து அச்சிடப்பட்டுள்ளன. இவற்றில் பல இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஆகவே ஆனின் குடும்ப மரத்தை வரைவது எளிது என்று எண்ணித்தான் தொடங்கினேன்.

தந்தையின் பக்கம் எளிதுதான். தாமஸ் டட்லி, லிங்கன் பிரபுவின் பண்ணைக் காரியங்களைப் பார்த்தவர். பின்னர் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு நான்கு முறை ஆளுநர். அவரைப் பழைய டட்லி பிரபுக்களோடு இணைத்து மரத்தைப் பின்னோக்கி நீட்ட முயன்றவர் பலர். அந்த இணைப்பு நிறுவப்படவில்லை. கணவர் சைமன் பிராட்ஸ்ட்ரீட்டும் பின்னாளில் ஆளுநர். 1604இல் ஞானஸ்நானம் பெற்றவர், 1697இல் சேலத்தில் இறந்தவர். இருவருக்கும் ஆவணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனுக்கு வந்தால் நிலை வேறு. அவர் பிறந்த நாளைச் சொல்லும் பதிவு கிடைக்கவில்லை. 1612 அளவில் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. எதைக் கொண்டு சொல்கின்றன என்று தேடிப்போனால், முக்கியமான சான்று அவருடைய கவிதையே. நோயுற்றபோது பாடிய ஒரு பாட்டின் தலைப்பில் ஆண்டு 1632 என்றும் தம் வயது 19 என்றும் அவரே குறித்திருக்கிறார். கழித்துப் பார்த்தால் 1612 அல்லது 1613.

இதைக் கண்டதும் மற்றத் தலைப்புகளையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன. தாயார் டாரதிக்கு எழுதிய கல்லறைப் பாட்டின் தலைப்பில், அவர் 1643 டிசம்பர் 27 அன்று 61ஆம் வயதில் இறந்தார் என்றிருக்கிறது. தந்தையோ அடுத்த ஆண்டே மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைகளைப் பற்றிய பாட்டின் தலைப்பில் 1659 ஜூன் 23 என்னும் நாள் இருக்கிறது. அதில் தம் மக்களைக் கூட்டை விட்டுப் பறந்தும் பறக்காமலும் இருக்கும் பறவைகளாக உருவகிக்கிறார், நான்கு சேவல், நான்கு பெடை. யார் எங்கே பறந்துபோனார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கவிதையை வைத்துக்கொண்டு பக்கத்தில் பெயர்களை எழுதிவிடலாம். சாமுவேல், டாரதி, சாரா, சைமன், ஹன்னா, மெர்சி, டட்லி, ஜான்.

கவிதை என்று நான் நடத்திவந்தது ஒரு தாய் வைத்திருந்த குடும்பப் பதிவேடாகவும் இருந்திருக்கிறது.

*

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய விடையை முதலில் சுருக்கமாக எழுதிக்கொண்டேன். எட்டுப் பேரும் வளர்ந்து ஆளானார்கள், எட்டுப் பேரும் மணம் செய்துகொண்டார்கள். மூத்தவன் சாமுவேல் மருத்துவன். டாரதியை மணந்தவரின் பெயர் சீபார்ன் காட்டன். அவர் 1633இல் கடற்பயணத்தின்போது பிறந்ததால் ‘கடலிற் பிறந்தோன்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். சைமன் போதகர். ஆண்டோவரில் நீதி நடுவராயிருந்த டட்லி, 1692 சூனியக்காரி வழக்குகளின்போது இனிப் பிடியாணை எழுதமாட்டேன் என்று மறுத்தார். அதனால் அவர்மீதும் அவர் மனைவிமீதும் குற்றச்சாட்டு எழுந்தது, இருவரும் ஊரை விட்டு ஓடவேண்டியதாயிற்று.

அடுத்த தலைமுறைக்கு வந்ததும்தான் நான் நின்றுவிட்டேன்.

சாமுவேல் மெர்சி டிங் என்பவரை மணந்தார். அவர்களுடைய குழந்தைகளுள் மூவருக்கு ஆன் இரங்கற்பா எழுதியிருக்கிறார். எலிசபெத், 1665 ஆகஸ்டில், ஒன்றரை வயதில். ஆன், பாட்டியின் பெயரை வைத்த குழந்தை, 1669 ஜூனில், மூன்று வயதும் ஏழு மாதமுமாக. சைமன், 1669 நவம்பர் 16இல், பிறந்து ஒரு மாதமும் ஒரு நாளுமாக. நான்காவது இரங்கற்பா மருமகள் மெர்சிக்கே எழுதப்பட்டது. அதன் தலைப்பில் 1669 செப்டம்பர் 6 என்று அச்சாகியிருக்கிறது.

இரவு பதினொரு மணிக்கு இந்த நாட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஏதோ இடறியது. ஒரு மாதமும் ஒரு நாளுமாக நவம்பர் 16இல் இறந்த குழந்தை அக்டோபர் 15இல் பிறந்திருக்க வேண்டும். அதன் தாய் செப்டம்பர் 6இல் எப்படி இறந்திருக்க முடியும்?

முதலில் பழைய நாட்காட்டியின் குழப்பமோ என்று நினைத்தேன். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகவே சனவரி முதல் மார்ச் வரையுள்ள நாட்களை இன்றைய கணக்குக்கு மாற்றும்போது ஆண்டு தவறிப்போகும். கொடிவழி எழுதுவோர் 1603/4 என்று இரட்டை ஆண்டு குறிப்பது இதனால்தான். ஆனால் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் அந்தச் சிக்கல் கிடையாது. எங்கோ ஒரு நாள் பிழையாக அச்சாகியிருக்கிறது. இந்தப் பாடல்கள் வெளிவந்தது 1678 பதிப்பில், ஆன் இறந்து ஆறாண்டுகள் கழித்து. மெய்ப்புப் பார்க்க அவர் உயிரோடில்லை.

விடை கவிதைக்குள்ளேயே இருந்தது. மருமகளுக்கான பாட்டில் ஆன் ஒரு மரத்தை உவமையாகச் சொல்கிறார். முதலில் கிளைகள் வெட்டுண்டன, இப்போது மரமும் வீழ்ந்தது என்ற வரிசையில் துயரம் நடக்கிறது. குழந்தைகள் போனபின் தாய் போயிருக்கிறாள். மேலும் ஒரு பச்சிளங்குழந்தையும் அவளோடு சேர்ந்து போயிற்று என்கிறார், அது இன்னொரு பிரசவம். ஆக 1670 செப்டம்பர் என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. ஆய்வாளர்கள் அப்படித்தான் திருத்திக்கொள்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். எனினும் ஒரு கவிதையின் உவமையைக் கொண்டு ஓர் ஆண்டுப் பிழையைப் பிடித்த அந்த இரவு எனக்கு மறக்காது. உவமைக்கு நாங்கள் வகுப்பில் பொருத்தம், நயம் என்று எத்தனையோ சொல்வோம். சான்று என்று சொன்னதில்லை.

அந்த வீட்டில் ஒரு குழந்தை மட்டும் மிஞ்சியது. 1667 நவம்பரில் பிறந்தவள். தாயின் பெயரே அவளுக்கும், மெர்சி. தாய் இறந்தபோது மூன்று வயது நிறையவில்லை. தந்தை சாமுவேல் ஜமைக்காவுக்குப் போய்விட்டார், 1682இல் அங்கேயே இறந்தார். 1672 செப்டம்பர் 16இல் ஆனும் இறந்தார். மகன் சைமன் தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்ததால் நாள் நமக்குத் தெரிகிறது. புதைத்த இடம் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் வட ஆண்டோவரின் பழைய இடுகாட்டில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள், அதுவும் கல்லறை அல்ல. அவருக்கு உயிரோடிருந்த காலத்துப் படம் ஒன்றும் இல்லை.

*

மிஞ்சிய குழந்தை மெர்சியைத் தொடர்வதுதான் கடினமாயிருக்கும் என்று எண்ணினேன். பெண் மணமாகிப் போனதும் பெயர் மாறிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆற்றைக் கடந்து அக்கரையில் வேறொரு பெயரில் அவளைத் தேட வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகூட 1790 தொடங்கி 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதிற்று. மற்றவர்கள் வயதுவாரியாக எண்ணிக்கைகள். அப்பாவின் நோட்டுப்புத்தகம் நினைவுக்கு வந்தது.

ஆனால் மெர்சியின் கிளை எதிர்பாராத விதமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் மருத்துவர் ஜேம்ஸ் ஆலிவரை மணந்தாள். அவர்கள் மகள் சாரா ஆலிவர், பாஸ்டன் வணிகர் ஜேக்கப் வெண்டெலை மணந்தாள். சாரா தன் மகன் ஒருவனுக்குத் தன் பிறந்த வீட்டுப் பெயரையே முதற்பெயராக வைத்தாள்: ஆலிவர் வெண்டெல். அந்த ஆலிவர் வெண்டெலின் மகள், மற்றொரு சாரா, ஏபியல் ஹோம்ஸ் என்ற போதகரை மணந்தாள். 1809இல் பிறந்த தன் மகனுக்கு அவள் தன் தந்தையின் பெயரை முழுதாக வைத்தாள்.

ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். அமெரிக்க இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்த மருத்துவர், கவிஞர். அவருடைய மகனுக்கும் அதே பெயர். 1902 முதல் 1932 வரை அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் இருந்த நீதிபதி.

இந்தப் பெயரை நூறு முறையாவது படித்திருப்பேன். ஓர் ஆணின் கம்பீரமான மூன்று சொற்பெயர் என்பதற்கு மேல் அதில் எதையும் கண்டதில்லை. இப்போது பார்த்தால் அது ஒரு கொடிவழி. ஆலிவர், மெர்சியின் மகள் சாராவின் பிறந்த வீடு. வெண்டெல், பேத்தி சாராவின் பிறந்த வீடு. ஹோம்ஸ், அவள் புகுந்த வீடு. ஏட்டில் இடமில்லாத பாட்டிமார் பேரர்களின் பெயருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனும் இதைச் செய்தவர்தான். தம் ஏழாவது பிள்ளைக்கு டட்லி என்று பெயரிட்டாரே, அது அவர் பிறந்த வீட்டின் பெயர்.

ஜேக்கப் வெண்டெலுக்கும் சாராவுக்கும் மார்கரெட் என்று ஒரு மகளும் உண்டு. அவள் பேரன் வெண்டெல் பிலிப்ஸ், அடிமைமுறைக்கு எதிராக ஊரூராகப் பேசிய பெரும் நாவலர். அவர் பெயரிலும் அதே வெண்டெல். 1670இல் தனியே மிஞ்சிய அந்தக் குழந்தையிலிருந்து ஒருபுறம் நீதிபதி, மறுபுறம் அடிமை ஒழிப்பாளர்.

*

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சியான கதையாக முடிந்திருக்கும்.

ஒரு பெயரில் எல்லாம் நல்லவிதமாக ஒளிந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனின் தங்கை சாரா டட்லியையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்களும் பெண்களும் கூடிய இடத்தில் சமயம் போதித்ததற்காகக் கண்டிக்கப்பட்டு, 1647இல் பாஸ்டன் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். கணவர் அவரைத் தள்ளிவைத்தார். அதே காலத்தில்தான் இன்னொரு தங்கையின் கணவரான ஜான் உட்பிரிட்ஜ் ஆனின் கவிதைகளைக் கடல் தாண்டி எடுத்துச்சென்று லண்டனில் அச்சுக்குக் கொடுத்தார். ஒரே வீட்டுப் பெண்கள். எழுதிய அக்காள் பெருமையானார், வாய்திறந்து பேசிய தங்கை பழியானார்.

இன்னும் கீழே இறங்கினால் பழிகூட இல்லை. ஆளுநர் சைமன் பிராட்ஸ்ட்ரீட் அடிமைகளாக வைத்திருந்தவர்களில் இருவரின் பெயர்கள் தெரிகின்றன. ஹன்னா, அவள் மகள் பில்ஹா. ஹன்னா என்பது சைமன், ஆன் தம்பதியின் மகள் ஒருத்திக்கும் உள்ள பெயர். பில்ஹா என்பது விவிலியத்தில் ராகேலின் அடிமைப்பெண் பெயர். வீட்டுப்பெயர் கிடையாது. ஹன்னாவுக்குத் தாய் யார், எந்தக் கரையிலிருந்து வந்தாள், பில்ஹாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று தொடர வழியில்லை. நான் மூன்று மாதமாக வரைந்த மரத்தின் நிழலில் இரண்டு பெயர்கள் வேரும் கிளையும் இல்லாமல் நின்றன. ஒரு தாய், ஒரு மகள் என்ற அந்த ஒரு கோட்டை மட்டும் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதே பாஸ்டனுக்கு 1761இல் ஓர் அடிமைக் கப்பல் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தது. முன்பற்கள் விழுந்திருந்ததைக் கண்டு ஏழு வயதிருக்கும் என்று கணித்தார்கள். கப்பலின் பெயர் பிலிஸ், வாங்கியவரின் பெயர் வீட்லி. இரண்டையும் சேர்த்து அவளுக்குப் பெயராக்கினார்கள். பிலிஸ் வீட்லி 1773இல் லண்டனில் தம் கவிதை நூலை வெளியிட்டார். ஆனுக்குக் கிடைத்ததுபோல அவருக்கும் அச்சு கிடைத்தது. ஆனால் ஹோம்ஸின் பெயரைப் பிரித்தால் பாட்டிமார் வருகிறார்கள், பிலிஸின் பெயரைப் பிரித்தால் ஒரு கப்பலும் ஒரு விலைச்சீட்டும் வருகின்றன. தாயைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு நினைவு இருந்ததாக 1834இல் வந்த வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. விடியலில் எழும் சூரியனுக்கு முன் அந்தத் தாய் நீர் வார்ப்பாளாம். அவள் பெயரில்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தம் கொடிவழியைத் தேடும்போது 1870இல் ஒரு சுவரில் முட்டிக்கொள்வதாகச் சொல்வார்கள். விடுதலை பெற்றவர்கள் அனைவரையும் பெயரிட்டு எழுதிய முதற் கணக்கெடுப்பு அந்த ஆண்டினது. அதற்கு முந்தைய 1850, 1860 அடிமை அட்டவணைகளில் பெரும்பாலும் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டுமே இருக்கும். எண்ணிக்கை, பெயரில்லை. ‘பெண் 2’ என்று எழுதிய என் அப்பாவின் கையையும் அந்தக் கையையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒன்று மறதி, மற்றது விற்பனை. இரண்டிலும் தேடி வருபவர் நிற்கும் இடம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.

*

அம்மா இல்லை. அம்மாவின் தங்கை துறையூரில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்து, “சித்தி, உங்க அம்மாயி பேரு என்ன?” என்று கேட்டேன்.

“அம்மாயிதான்.”

“அது நீங்க கூப்பிடறது. அவங்களுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?”

“இருக்கும். யாரு சொன்னா? தாத்தா ‘ஏ புள்ள’ம்பாரு. நாங்க அம்மாயிம்போம்.” சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இரு இரு. எங்க மாமா பொண்ணு பாப்பாக்கா இருக்காங்கள்ல, அவங்களுக்கு அம்மாயி பேரத்தான் வெச்சாங்க. அத்தைக்கு மாமியா பேரு. அதச் சொல்லிப் புள்ளைய அதட்ட முடியுமா? அதான் பாப்பான்னே நின்னுபோச்சு” என்றார்.

“பாப்பாக்காவோட நெசப் பேரு?”

“கார்டுல பாக்கணும்டி. கேட்டுச் சொல்றேன்.”

இரண்டு நாள் கழித்துச் சித்தியே அழைத்தார். பாப்பாக்காவின் குடும்ப அட்டையில் அங்காயி என்றிருக்கிறதாம். மரியாதைக்காக வாயால் சொல்லாமல் விடப்பட்ட பெயர் ஒரு பேத்தியிடம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவிக்கு எட்டுப் பிள்ளைகளின் கதையையும் மெர்சியின் கதையையும் சொன்னேன். ஹன்னாவையும் பில்ஹாவையும் பற்றிச் சொன்னபோது, அவள் குறிப்பேட்டில் அந்த இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு அப்பாவின் நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். அங்காயிக்கு அதில் முறைப்படி இடமில்லை, அது அப்பாவின் வழி. கடைசித் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் எழுதினேன். அங்காயி. அவர் மகள், என் அம்மாயி, சின்னம்மாள். அவர் மகள், என் அம்மா, சரோஜா. கீழே நாளும் ஆண்டும் போட்டேன். ஆன் அப்படித்தான் செய்திருந்தார்.